சந்தி விழாது என்று சொன்னவர்

டென்மார்க்கின் மறுபக்கத்து அல்பர்ட்ஸ்லுண்டிலிருந்து யாராவது முதல்முறையாக எங்கள் ஊரான கிரின்ஸ்டெட்டுக்குக் காரில் வருகிறார்கள் என்றால், நாங்கள் அவர்களுக்கு விலாசத்தோடு சந்திக்கடை அண்ணையின் தொலைபேசி எண்ணையும் கொடுத்துவிடுவோம். காருக்குள் வழிசொல்லும் கருவி இருந்தால்கூடக் கொடுப்போம். கொடுக்காவிட்டால் அண்ணைக்குக் கோபம் வரும். "எங்க நிக்கிறியள்? முன்னால என்ன தெரியுது? சரி, அந்தப் பெட்டை சொல்லுறதைக் கேளாதேங்கோ, வலப்பக்கம் திருப்புங்கோ" என்பார். பெட்டை என்றது கருவிக்குள்ளிருந்து டேனிஷில் பேசும் குரலை. மழை இருட்டில் வயல்களுக்கு நடுவே வழிதெரியாமல் நின்ற எத்தனையோ கலியாணக் கோஷ்டிகளை அவர் தன் வீட்டுச் சோபாவில் இருந்தபடியே ஊருக்குள் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்.

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. அவர் கடை வைத்திருந்த சந்தியின் பெயரையும் எழுதமாட்டேன். அதை எழுதினால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். வன்னியில் நாலு தெருக்கள் கூடுகிற ஓரிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், இளவயதில் அங்கே போய்ச் சந்தியில் ஒரு சாப்பாட்டுக்கடை போட்டிருந்தார். பிறகு சண்டைக்குள் அதை விட்டுவிட்டு டென்மார்க்குக்கு வந்து, கடை நடத்தியதைவிட அதிக காலம் தொழிற்சாலையில் பெட்டி அடைத்தார். ஆனாலும் எங்கள் எல்லோருக்கும் அவர் சந்திக்கடை அண்ணைதான்.

நானும் அப்போது அந்தத் தொழிற்சாலையில் அதே ஷிஃப்டில் நின்றேன். முதியோர் பராமரிப்புப் படிப்புக்கு நகரசபையான கொமூனவில் எனக்கு இடம் கிடைத்திருந்தது. போவதா விடுவதா என்று கிழமைக்கணக்காகக் குழம்பிக்கொண்டிருந்தேன். என் மனுசன் ஒரு நாள் போ என்பார், மறுநாள் சம்பளம் குறையுமே என்பார். ஒரு சாப்பாட்டு இடைவேளையில் அண்ணையிடம் வாயைத் திறந்ததுதான் தாமதம், நான் சொல்லி முடிக்கக்கூட விடவில்லை.

"போ" என்றார்.

"கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்கோ அண்ணை."

"யோசிச்சாப் போகமாட்டாய். போ. உன்ர வாய்க்குப் பெட்டியள் காணாது. கதைக்கிறதுக்கு ஆக்கள் வேணும்."

போனேன். இன்றைக்கு வரைக்கும் அந்த வேலைதான் எனக்குச் சோறு போடுகிறது. கிழவிகளோடு கதைத்துக் கதைத்தே டேனிஷும் பழகிவிட்டேன். இப்படி ஊரில் எத்தனை பேர். வீடு வாங்குவதா வாடகையிலேயே இருப்பதா, பிள்ளைக்கு என்ன பெயர் வைப்பது, பல்லைப் பிடுங்குவதா அடைப்பதா, எல்லாவற்றுக்கும் அண்ணையிடம் போவார்கள். அவர் மேசையில் ஆள்காட்டி விரலை ஒருமுறை தட்டுவார். முடிவு வந்துவிடும். முடிவு எடுப்பது என்பது மற்றவர்களுக்கு வயிற்றைக் கலக்குகிற வேலை, அவருக்கு அது தேத்தண்ணி ஆற்றுகிற மாதிரி.

எல்லா முடிவும் சரியாக இருந்ததென்று சொன்னால் பொய். ஒரு பங்குனி மாதம், இனிப் பனி கொட்டாது என்று அடித்துச் சொன்னார். அதை நம்பிக் கோடை ரயரை மாற்றிய என் மனுசன், அடுத்தடுத்த நாள் கொட்டின பனியில் காரைக் கொண்டுபோய் ஒரு டேனிஷ்காரருடைய வேலிக்குள் செருகினார். அண்ணை வந்து சுற்றிப் பார்த்தார். "நான் சொன்னது சரிதான். பனிதான் பிழையா வந்திருக்குது" என்றார். பிறகு கயிறு கட்டிக் காரை இழுத்ததும் அவர்தான், வேலிக்காரரிடம் போய்த் தனக்குத் தெரிந்த டேனிஷில் மன்னிப்புக் கேட்டதும் அவர்தான், கார் திருத்தி வரும்வரை என் மனுசனை வேலைக்கு ஏற்றி இறக்கியதும் அவர்தான். அதனால்தான் பிழைவிட்டாலும் அவரிடமே திரும்பத் திரும்பப் போனோம்.

"நீங்கள் ஒருக்காலும் 'தெரியேல்லை' எண்டு சொல்லமாட்டியளோ?" என்று ஒரு நாள் கேலியாகத்தான் கேட்டேன். அவர் கேலியாக எடுக்கவில்லை.

"கடைசி பஸ்ஸில வந்து சந்தியில இறங்கிற சனம் நேரா என்ர கடைக்குத்தான் வரும். கையில மூட்டை, இடுப்பில பிள்ளை. எந்தத் தெருவால போறது எண்டு கேக்கும். எனக்குத் தெரியாது எண்டு சொன்னா அதுகள் அங்கேயே நிண்டிடும். சந்தியில சனத்தை நிக்க விடப்படாது பிள்ளை. ஒரு பக்கம் காட்டிவிடவேணும்."

இந்த மனிதரைத்தான் பிறகொரு காலத்தில் நான் எங்கள் கிரின்ஸ்டெட் ஊர்ச் சந்தியில் கண்டேன். பகல் வேளை. தெருவில் ஒரு வாகனமும் இல்லை. அண்ணையின் கார் முன்னால் நிற்கிறது, எந்தப் பக்கமும் திரும்பவில்லை. அவருக்குப் பின்னால் ஒரு டேனிஷ்காரி, அவளுக்குப் பின்னால் நான். அவள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஹோர்ன் அடித்தாள். டேனிஷ்காரரை ஹோர்ன் அடிக்க வைப்பதென்றால் அதற்கு ஒரு திறமை வேண்டும். நான் இறங்கிப் போய்க் கண்ணாடியில் தட்டினேன். "அண்ணை, எங்க போறியள்?" என்று கேட்டேன். "கடைக்குத்தான் வெளிக்கிட்டனான். இப்பப் போறதோ, பின்னேரம் போறதோ எண்டு பாக்கிறன்" என்றார். நான் அவரைச் சிரிக்கவைக்கப் பார்த்தேன், முடியவில்லை. காரில் திரும்பி ஏறி இருந்து அழுதேன். அவர் இப்படி ஆனதற்குக் காரணம் எனக்குத் தெரியும், அது நடந்த மேசையில் நானும் இருந்தேன்.

போரின் கடைசி மாரி அது. இயக்கத்துப் பெடியளின் கையிலிருந்த இடங்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. கடைசியில் எல்லோர் வாயிலும் ஒரே சொல்தான் மிஞ்சியது: சந்தி. வடக்கே போகிற தெருவும் கிழக்கே கடற்கரைக்குப் போகிற தெருவும் அங்கேதான் பிரிகின்றன. சந்தி அரச படையின் கைக்குப் போனால் வடக்கில் நிற்பவர்கள் தனித்துப்போவார்கள், பக்கத்து நகரமும் போய்விடும், பிறகு சனத்துக்குக் கடலோரம்தான் மிச்சம். இவ்வளவும் எங்களுக்குத் தெரியும். இரவுபகலாக இணையத்தையும் தொலைக்காட்சியையும் மாறிமாறிப் பார்த்து எல்லோரும் போர் நிபுணர்களாகியிருந்தோம்.

சனிக்கிழமைகளில் ஊர்ப் பாடசாலையில் இரண்டு வகுப்பறைகளைத் தமிழ் படிப்பிக்க எங்களுக்குத் தருவார்கள். பிள்ளைகள் உள்ளே தமிழ் எழுதிவிட்டுத் தங்களுக்குள் டேனிஷில் கதைப்பார்கள். பெற்றோர் வெளியே கன்டீனில் இருந்து போரை நடத்துவார்கள். அந்த மேசைக்கு அண்ணை வந்தால் மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். ஏனென்றால் மற்றவர்களுக்குச் சந்தி என்பது திரையில் தெரிகிற ஒரு புள்ளி, அவர் அங்கே கடை நடத்தியவர்.

கோப்பித் தேர்மோஸை எடுத்து ஒரு பக்கம் வைப்பார். அதுதான் குளம். சீனிப் பைக்கற்றுகளைக் கிழிக்காமல் வரிசையாக அடுக்குவார். அதுகள் நாலு தெரு. கறுப்புப் பாண் ரொட்டித் துண்டுகளை எடுத்து மேற்குப் பக்கம் பரப்புவார். "இது முழுக்கக் காடு. மாரியில இதுக்குள்ள மாடு இறங்காது, டாங்கி எப்பிடி இறங்கும்? வாறதெண்டா தெருவாலதான் வரவேணும். தெருவில மதகுகள் இருக்கு, பெடியள் இருக்கிறாங்கள். தண்ணி வத்துமட்டும் ஒருத்தராலயும் ஏலாது" என்பார். விரலால் மேசையைத் தட்டுவார். "சந்தி விழாது."

அந்த விரல் தட்டுகிற சத்தத்தைக் கேட்கத்தான் நாங்கள் போனோம் என்று இப்போது விளங்குகிறது. கிழமை முழுக்க நெஞ்சு பதறிக்கொண்டிருந்தவர்கள், அதைக் கேட்டபிறகு ஒரு துண்டுக் கேக்காவது சாப்பிடுவார்கள். நானும் சாப்பிட்டேன்.

எங்கள் தமிழ்ப் பள்ளியில் சின்னப்பிள்ளைகளுக்குப் படிப்பித்தவர் மலரக்கா. மன்னார்க்காரி. அவருடைய ஒரே தங்கச்சி கலா. கலாவும் புருசனும் இரண்டு பெண்பிள்ளைகளும் மன்னார்ப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, கடைசியில் சந்திக்குப் பக்கத்துக் கிராமமொன்றில் ஒரு தறப்பாள் கூரைக் கொட்டிலில் இருந்தார்கள். அவர்களிடமிருந்து நாள்கணக்காகத் தொடர்பில்லை. மலரக்கா கைத்தொலைபேசியைச் சட்டைப் பைக்குள் வைக்கமாட்டார், கையிலேயே பிடித்துக்கொண்டு படிப்பிப்பார்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் அது அடித்தது. அக்கா வகுப்பிலிருந்து கன்டீனுக்கு ஓடிவந்தார், அங்கேதான் சிக்னல் நன்றாக எடுக்கும். "கலா, சொல்லு, கேக்குது" என்றார். அங்கே வரிசையில் நின்று, யாரோ வைத்திருந்த செய்மதித் தொலைபேசியில் கலா பேசியிருக்கிறாள். கொஞ்ச நேரம்தான் கொடுப்பார்கள். தங்கச்சி சொல்லச் சொல்ல, அக்கா அதை எங்களுக்கும் சேர்த்துத் திருப்பிச் சொன்னார். இன்றைக்கு இரவு பக்கத்துக் கொட்டில்காரர் சிலபேர் காட்டுக்குள்ளால் படையின் பக்கம் கடந்து போகப்போகிறார்கள். இவர்களையும் வரச்சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். வழியில் மிதிவெடி இருக்கலாம். இருட்டில் எந்தப் பக்கத்தாரும் சுடலாம்.

"போறதோ நிக்கிறதோ எண்டு கேக்கிறாள்" என்றார் மலரக்கா. போனைக் கையால் பொத்தினார். மேசையைச் சுற்றி எத்தனையோ ஆம்பிளைகள் இருந்தார்கள், என் மனுசன் உட்பட. மலரக்கா பார்த்தது அண்ணையை மட்டும்தான்.

அண்ணை தேர்மோஸைப் பார்த்தார். பாணைப் பார்த்தார். விரல் மேசையில் பட்டது.

"நிக்கச் சொல்லு பிள்ளை. பச்சைப் பிள்ளையளையும் கொண்டு மிதிவெடிக்குள்ள இறங்கிறதோ? சந்தி விழாது. தண்ணி வத்தட்டும், பேந்து பாக்கலாம்."

"ஓமோம், அதுதான் சரி" என்று மேசை முழுக்கத் தலையாட்டியது. என் மனுசனும் ஆட்டினார்.

மலரக்கா போனைக் காதில் வைத்து, "நில்லு கலா. போகாதை. சந்தி விழாதாம்" என்றார். அதோடு தொடர்பு அறுந்துவிட்டது. அக்கா கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். யாரோ அவருக்குக் கோப்பி ஊற்றிக் கொடுத்தார்கள். அத்தனை நாளும் இல்லாத ஒரு நிம்மதி அந்த முகத்தில் வந்ததை நான் என் கண்ணால் கண்டேன். தேர்மோஸைத் தூக்கியதும் குளம் போய்விட்டதே என்று அண்ணை பகிடி விட்டார், எல்லோரும் சிரித்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை வருவதற்கு முன்னமே சந்தி விழுந்தது. படை தெருவால் வரவில்லை. மேற்குப் பக்கத்தால் வந்தார்கள். அண்ணை பாண் பரப்பி வைத்திருந்த பக்கத்தால்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உலகத்துக்குத் தெரியும். சந்தி போனபிறகு நின்றுபிடிக்க ஒன்றுமில்லை. சனம் முழுக்கக் கிழக்குத் தெருவால் கடலைப் பார்த்து ஓடியது, அதற்குள் கலா குடும்பமும் ஓடியது. ஒரு பங்கருக்குள் ஷெல் விழுந்து நாலு பேரும் ஒன்றாகப் போய்ச்சேர்ந்த செய்தி, முகாமிலிருந்த ஒரு சொந்தக்காரர் மூலமாக மலரக்காவுக்கு வந்தது.

செத்தவீட்டுக்கு ஊர் முழுக்கப் போனது. பிணமில்லாத செத்தவீடு. ஒரு படத்தை வைத்து மெழுகுதிரி கொளுத்தியிருந்தார்கள். அண்ணை வந்தார். வாசலில் சப்பாத்தைக் கழற்றாமல் நின்றார். உள்ளே மலரக்கா பெண்களுக்கு நடுவே இருந்து அழுதுகொண்டிருந்தார், அண்ணையை அவர் கவனிக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அண்ணை அப்படியே திரும்பிப் போய்விட்டார். அந்த வருஷமே மலரக்கா குடும்பம் பிரெடெரிசியா நகரத்துக்கு வீடு மாறிப் போனது. இரண்டு பேரும் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

எனக்கு ஆத்திரம் வந்தது மற்றவர்கள்மேல்தான். தலையாட்டின அதே வாய்கள், ஒரு மாதம் போகமுன், "நான் அப்பவே நினைச்சனான், சந்தி தாங்காதெண்டு" என்று அதே கன்டீனில் இருந்து சொல்லின. என் மனுசன் வீட்டில் அப்படித் தொடங்கியபோது, "நீங்கள் ஆட்டின தலையை நான் கண்டனான்" என்றேன். "எல்லாரும்தானே ஆட்டினவை" என்றார். அதுதான் உண்மை. எல்லோரும் ஆட்டினார்கள், எல்லோரும் மறந்தார்கள். சந்திக்கடை அண்ணை ஒருவர் மட்டும் மறக்கவில்லை.

அவர் கன்டீனுக்கு வருவதை நிறுத்தினார். வழிகேட்டு யாராவது போன் எடுத்தால், "கருவி சொல்லுறபடி வாங்கோ" என்று வைத்துவிடுவார். தொழிற்சாலையில் ஷிஃப்டுக்குப் பொறுப்பாக நிற்கச்சொல்லிக் கேட்டார்கள், மாட்டேன் என்றுவிட்டார். "கறிக்கு உப்புக் காணுமோ எண்டு கேட்டாலும் உன்ர விருப்பம் எண்டுறார். நான் இந்த மனிசனோட எப்பிடிச் சீவிக்கிறது?" என்று அவருடைய மனைவி என்னிடம் வந்து மூக்கைச் சிந்தினார்.

சில வருஷங்களுக்குப் பிறகு அல்பர்ட்ஸ்லுண்டில் ஒரு கலியாணம். அண்ணையை வற்புறுத்தி எங்கள் காரில்தான் கூட்டிப்போனோம். சாப்பாட்டு மேசையில் எங்களுக்கு எதிரே ஒரு தம்பி இருந்தான், பிரான்ஸிலிருந்து வந்திருந்தான். பேச்சு எப்படியோ வன்னிக்குப் போனது. அந்தச் சந்திக்குக் கிட்டத்தான் கடைசிவரை இருந்ததாகச் சொன்னான்.

"மேற்கால காடெல்லோ தம்பி இருந்தது?" என்று அண்ணை கேட்டார். எத்தனையோ காலத்துக்குப் பிறகு அவர் தானாக ஒரு கேள்வி கேட்டார்.

"என்ன காடு ஐயா? நீங்கள் எப்ப அங்க இருந்தனீங்கள்? இடம்பெயர்ந்த சனம் வீட்டுக்கும் விறகுக்கும் வெட்டி வெட்டி, அது வெறும் வெளியாகிக் கன காலம். கிறவல் தெருவும் போட்டிருந்தவை."

அண்ணை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாயில் வைக்கவில்லை. அவர் எங்களுக்குப் பாண் பரப்பிக் காட்டியது இருபது வருஷத்துக்கு முந்தின சந்தியை. நாட்டைவிட்டு வந்த எங்களெல்லோருக்கும் உள்ள நோய் அது. விட்டுவந்த அன்றைக்கு இருந்தபடியே ஊர் இன்னும் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு, அதை வைத்துக் கதை சொல்வோம். அவருடைய கதையை நம்பி ஒரு குடும்பம் நின்றுவிட்டது.

அந்தத் தம்பி நிறுத்தவில்லை. சந்தி விழ முதல் ஒரு இரவில் தாங்கள் சில குடும்பங்கள் தெற்கிலிருந்த துண்டுக் காட்டுக்குள்ளால் கடந்த கதையைச் சொன்னான். "பிள்ளையளின்ர வாயைத் துணியால பொத்திக்கொண்டு நடந்தம். விடிய முதல் அங்கால ஏறிட்டம். ஒருத்தருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. பக்கத்துக் கொட்டிலில மன்னார் ஆக்கள், கலா எண்டு ஒரு அக்கா, அவையையும் கூப்பிட்டனாங்கள். வரேல்லை. டென்மார்க்கில இருக்கிற தமக்கை நிக்கச் சொல்லிட்டாவாம்."

"தமக்கை இல்லைத் தம்பி" என்றார் அண்ணை. "நிக்கச் சொன்னது நான்."

தம்பிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அண்ணை எழும்பிக் கை கழுவப் போனார். நான் பின்னாலேயே போனேன். தண்ணீரைத் திறந்துவிட்டுக் கையை நீட்டாமல் நின்றார். "சனத்தைச் சந்தியில நிக்க விடப்படாதெண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சனான்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "இது மலருக்குத் தெரியப்படாது. தங்கச்சியைத் தான்தான் சாகக் குடுத்தனான் எண்டு அவள் நினைச்சிடுவாள். உன்ர வாயைக் கட்டிப்போடு" என்றார். நான் வாயைக் கட்டிப்போட்டேன். என் சீவியத்தில் கட்டிப்போட்டது அந்த ஒன்றைத்தான்.

போன மார்கழியில் அண்ணைக்கு இதயம் பலவீனமாகி, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு விட்டிருந்தார்கள். இனிப் பெரிதாக ஒன்றும் செய்ய இல்லை என்பதுதான் அதற்கு அர்த்தம், என் வேலையில் இருப்பவர்களுக்கு அது உடனே விளங்கும். ஒரு நாள் மலரக்கா எனக்குப் போன் எடுத்தார். "அண்ணையைப் பாக்கவேணும். ஒண்டு கேக்கவேணும்" என்றார். அவர் கார் ஓட மாட்டார். கிரின்ஸ்டெட்டுக்கு ரயில் இல்லை, ஞாயிற்றுக்கிழமை பஸ் நினைத்தால் வரும். நானே பிரெடெரிசியாவுக்குப் போய் அவரை ஏற்றிவந்தேன். அண்ணையைத் திட்டப்போகிறாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

அண்ணை சோபாவில் தலையணை அணைத்து இருந்தார். மலரக்காவைக் கண்டதும் எழும்பப் பார்த்தார், அக்கா தோளில் கை வைத்து இருத்தினார். அவருடைய மனைவி தேத்தண்ணி வைக்கக் குசினிக்குள் போனார். ஊர்ப் புதினம், பிள்ளைகளின் படிப்பு என்று கொஞ்சநேரம் ஓடியது. பிறகு அக்கா கேட்டார்.

"அண்ணை, அண்டைக்கு இரவு கலா ஆக்கள் வெளிக்கிட்டிருந்தா, தப்பியிருப்பினமோ?"

நான் நிலத்தைப் பார்த்தேன். 'உங்கட விருப்பம்' என்ற பாணியில் அவர் எதையாவது மழுப்புவார் என்றுதான் நினைத்தேன். அவர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. விரல் தேத்தண்ணி மேசையில் தட்டியது. குரல் பழைய குரல்.

"இல்லைப் பிள்ளை. தப்பியிருக்கமாட்டினம். அந்தக் காடு முழுக்க மிதிவெடி. அண்டைக்கு இறங்கின சனத்தில ஒருத்தரும் அங்கால போய்ச் சேரேல்லை. நான் வடிவா விசாரிச்சனான். போயிருந்தா அண்டைக்கே முடிஞ்சிருக்கும். இதை நீ மனசில வச்சிருக்காதை."

அத்தனை வருஷத்துக்குப் பிறகு அவர் ஒரு முடிவு சொல்லியிருக்கிறார், அது முழுப் பொய். ஆனால் எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, மறைக்கமாட்டேன். அண்ணையின் முகம் அவ்வளவு தெளிந்து நான் கண்டு கனகாலம். "அப்பிடியோ அண்ணை. அப்பச் சரி" என்றார் மலரக்கா. போர்வையை இழுத்து அவருடைய காலை மூடிவிட்டார். தேத்தண்ணி குடித்தோம். விடைபெறும்போது அண்ணை வாசல்வரை பிடித்துப்பிடித்து வந்து, வழியிலுள்ள பில்லுண்ட் தாண்டியதும் எந்தத் தெருவால் போகவேண்டும் என்று எனக்குச் சொன்னார். நான் ஆயிரம் தரம் போன தெரு. தலையாட்டினேன்.

பில்லுண்ட் விமான நிலையத்தைத் தாண்டும்போது மலரக்கா பேசினார்.

"அண்ணை பொய் சொல்லிப்போட்டார்."

நான் தெருவையே பார்த்துக்கொண்டு காரை ஓட்டினேன்.

"கலா ஆக்களின்ர பக்கத்துக் கொட்டிலில இருந்த ஒரு தம்பி, இப்ப பிரான்ஸில இருக்கிறான், அவன்ர பெண்சாதி இங்க சொந்தக்காரரிட்ட வந்திருந்தவ, போன வருசம் எங்கட சேர்ச்சில கண்டனான். அண்டைக்குப் போன எல்லாரும் தப்பினவையாம். கலாவையும் கூப்பிட்டவையாம். எனக்கு எல்லாம் தெரியும்."

"தெரிஞ்சுகொண்டு ஏனக்கா கேட்டனீங்கள்?"

"அவர் 'ஓம், தப்பியிருப்பினம்' எண்டு சொல்லுவார் எண்டு நினைச்சன். அவர் அப்பிடிச் சொன்னா, 'அது உங்கட பிழை இல்லை அண்ணை, போனைப் பிடிச்சுக்கொண்டு நிண்டது நான், நில்லு எண்டு சொன்ன வாய் என்ர வாய்' எண்டு சொல்லத்தான் வந்தனான். இவ்வளவு காலமும் அந்த மனிசன் ஒருத்தரே சுமக்கிறார் எண்டு நீதானே போனில சொன்னனீ, சந்தியில நிண்டு ஹோர்ன் வாங்கின கதை. அதைக் கேட்ட நாளிலயிருந்து இதைச் சொல்லவேணும் எண்டு கிடந்தனான். அவர் இல்லை எண்டிட்டார். இனி நான் அதை எப்பிடிச் சொல்லுறது?"

வேகத்தைக் குறைத்தேன். "திருப்பட்டோ அக்கா?"

"வேண்டாம். அந்த முகம் எப்பிடித் தெளிஞ்சது, கண்டனியெல்லோ? எனக்கு ஒரு நன்மை செய்துபோட்டன் எண்டு இருக்கிறார். இப்பப் போய் எனக்கு எல்லாம் தெரியும் எண்டா, அதுவும் இல்லாமல் போயிடும். இன்னொரு நாளைக்கு வருவம், ஆறுதலா." பிறகு கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிரெடெரிசியா வரும்வரை அழுதார். நானும் காரை ஓட்டிக்கொண்டே அழுதேன். இவ்வளவு நல்ல மனிதர்கள் ஒருவருக்கொருவர் ஒரு சொல் சொல்ல முடியாமல் போகிறதே என்று நினைக்க எனக்குக் கோபமாகவும் இருந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

அந்த இன்னொரு நாள் வரவில்லை. தை முழுக்கப் பனி மூடிக் கிடந்தது, மாசியில் அண்ணை போய்விட்டார்.

தகனத்துக்குத் தெரிந்த சனமெல்லாம் வந்தது. எல்லோரும் அவர் தங்களுக்குச் சொன்ன முடிவுகளைப் பற்றித்தான் கதைத்துக்கொண்டு நின்றார்கள், வாங்கச் சொன்ன வீடு, வைக்கச் சொன்ன பெயர். சந்தியைப்பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. மலரக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார். "போனைப் பிடிச்சுக்கொண்டு நிண்டது நான் அண்ணை" என்றார். மெல்லச் சொல்லவில்லை. அன்றைக்குக் கன்டீனில் தலையாட்டின எல்லோருக்கும் கேட்டது. அவருக்கு மட்டும்தான் கேட்கவில்லை.